அறுந்திருக்க வேண்டிய நூல்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக நூல் அறுந்தபோது பச்சமுத்துவுக்கு மானமே போய்விட்டது. அறுந்தது அவர் கட்டியது இல்லை, பெங்களூரிலிருந்து பாக்கெட்டில் வந்தது. ஆனால் அதை அங்கிருந்த பிள்ளைகளிடம் யார் போய் விளக்குவது? "இன்னாண்ணா, முடிச்சு அவுந்துக்கிச்சா?" என்று ஒருத்தன் எல்லோர் காதிலும் விழுகிற வாக்கி-டாக்கியிலேயே கேட்டுவிட்டான். ஏரி முழுக்கச் சிரிப்பு. மரக்காணத்துக் கடலில் இருபத்திரண்டு வருஷம் வலை இழுத்த மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

ஓமந்தூர் பக்கத்தில் இருக்கிற அந்த ஏரி கோடையில் வற்றிவிட்டால் மழை பிடிக்கிற வரைக்கும் வெறும் தரைதான். அந்த மாதங்களில் அன்புச்செல்வன் அங்கே பாராகிளைடிங் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். மலை இருக்கிற ஊரில் சரிவில் ஓடிப் பறந்துவிடலாம். திண்டிவனத்துச் சமவெளியில் பட்டம் விடுகிற மாதிரி ஆளை இழுத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஏரியின் ஒரு கோடியில் மாணவர் பாராகிளைடரின் துணிக் குடையை விரித்துக்கொண்டு நிற்பார். மறுகோடியில், எழுநூறு மீட்டர் தள்ளி, பைக் இஞ்சினில் ஓடும் விஞ்ச் என்கிற இழுவை எந்திரம் நிற்கும். அதன் உருளையில் கயிறு சுற்றச் சுற்ற, குடை மேலே ஏறும். முந்நூறு நானூறு அடி ஏறியதும் மாணவர் நெஞ்சுக்கு முன்னால் தொங்கும் ரிலீஸ் பிடியை இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தானாகப் பறந்து இறங்குவார். விஞ்ச்சை ஓட்டுவது பச்சமுத்துவின் வேலை.

கயிற்றுக்கும் ஆளுக்கும் நடுவில் சாண் நீளத்தில் ஒரு நூல் வளையம் உண்டு. வீக் லிங்க் என்பார்கள். நூறு கிலோவுக்கு மேல் இழுவை போனால் அது பட்டென்று அறுந்துவிட வேண்டும். சில நேரம் குடை பக்கவாட்டில் சாயும். சாய்ந்த பக்கமே கயிறும் இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சாயும். கடைசியில் ஆளைத் தரையில் கொண்டுபோய் அடிக்கும். அந்த நேரத்தில் மாணவர் பதறி ரிலீஸை மறந்தாலும், விஞ்ச்காரர் கவனம் பிசகினாலும், நூல் அறுந்து ஆளைக் காப்பாற்றும். அறுவதுதான் அதன் உத்தியோகமே. இதை அன்புச்செல்வன் முதல் நாளே விளக்கினார். பச்சமுத்துவும் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர மனசு ஏற்கவில்லை. அறுந்துபோவதற்கென்றே காசு கொடுத்து ஒரு நூல் வாங்குவார்களா? அதற்கு அவர் வைத்த பெயர் சொத்தை நூல்.

மூன்றாவது முறை அறுந்த அன்று பாக்கெட்டும் தீர்ந்திருந்தது. பச்சமுத்து வீட்டுக்குப் போனதும் மனைவி சௌந்தரத்திடம் வலை பின்னுகிற நைலான் நூலைக் கேட்டார். சௌந்தரம் அதை இரட்டையாக மடித்து, தொடையில் வைத்து முறுக்கிக் கொடுத்தாள். அதில் ஆறு வளையம் கட்டினார். நிறமும் தடிமனும் பாக்கெட்டில் வந்தது மாதிரியே இருந்தன. மாட்டியபின் மேலே ஒரு ரப்பர் உறை வேறு மூடிவிடும். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாதி உயரத்தில் நூல் அறுந்து பிள்ளைகள் முட்டி தேய விழுவதைத் தடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். பெருமையாகக்கூட இருந்தது.

பதினோரு நாள் ஒன்றும் அறவில்லை. "பச்சமுத்து, இப்பதான் இழுவை சுத்தமா இருக்குது," என்று அன்புச்செல்வனே பாராட்டினார். தினமும் காலையில் ரப்பர் உறையைத் தள்ளி நூலைப் பார்த்துவிட்டு அட்டையில் டிக் போட வேண்டியவர் அவர். டிக் மட்டும் தவறாமல் விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இழுக்கப்பட்டது கலையரசி.

வளவனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை அவள். வயது முப்பத்தொன்று. அப்பா மாரியப்பன் கரும்பு வெட்டப் போகிறவர். வீட்டில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் இவள்தான். சனி ஞாயிறு ஆனால் விடியற்காலையில் ஸ்கூட்டியில் கிளம்பி ஏரிக்கு வந்துவிடுவாள். பழைய குடை ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தாள். தேர்வில் தேறிப் பயிற்சியாளராகிவிட வேண்டும், தன் பள்ளிக்கூடத்துப் பெண்களை அழைத்து வந்து பறக்கவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பயந்த சுபாவம்தான். பயத்தோடேயே முப்பத்தேழு முறை ஏறி இறங்கியிருந்தாள். பச்சமுத்துவுக்கு அவள்மேல் தனி மரியாதை உண்டு. பயமில்லாதவன் கடலுக்குப் போவதில் என்ன இருக்கிறது, பயந்தவன் போவதுதான் பெரிசு என்பது அவர் கட்சி.

அன்றைக்குக் கடல்காற்று வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டது. எட்டரை மணி. கலையரசி அறுபது அடி ஏறியிருப்பாள். உருளையில் கயிறு ஒரே பக்கமாகக் குவிவதைக் கண்டு பச்சமுத்து குனிந்து ஒரு குச்சியால் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று. நிமிர்ந்தபோது குடை இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"ரிலீஸ்! டீச்சர், ரிலீஸ்!" என்று வாக்கியில் அன்புச்செல்வன் அலறினார். கலையரசியின் இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு குடையை நிமிர்த்தப் போராடிக்கொண்டிருந்தன. நெஞ்சுக்கு ஒரு கை வரவில்லை. பச்சமுத்து இஞ்சினை அணைத்தார். உருளை உடனே நிற்கவில்லை. கயிறு விண்ணென்று நின்றது. இப்போது அறும், இதோ அறும் என்று அவர் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. அறவில்லை. அவசரத்துக்கென்று விஞ்ச்சில் பொருத்தியிருந்த கத்தியின் நெம்புகோலை அடித்து அவர் கயிற்றை வெட்டியபோது அவளுக்கும் தரைக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை. வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் இடப்பக்கமாக விழுந்தாள்.

கணுக்கால் முறிந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு கீறல். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடமாட்டத்துக்குக் குறையில்லை, எட்டு வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கட்டும் என்றார்கள். அவளை வண்டியில் ஏற்றுகிற அமளியில் பச்சமுத்து ரப்பர் உறையைத் தள்ளி, நூலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கை தானாகச் செய்தது.

அன்புச்செல்வனிடம் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்குத் தான் செய்த தப்பைத் தானே சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது. சொன்னவரைத் திட்டவும் கூடாது. எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். தப்பு நோட்டு என்றே அதற்குப் பெயர். அன்று மாலை கலையரசி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாள். "ரிலீஸ் பண்ணல சார். கை போவல. என் தப்புதான்." அன்புச்செல்வன் எழுதிக்கொண்டார். பச்சமுத்துவின் முறை வந்தது. "ரெண்டு நொடி குனிஞ்சிட்டேன் சார்," என்றார். அதுவும் உண்மைதான். பாதி உண்மை எவ்வளவு வசதியானது என்று அன்றுதான் அவர் கண்டுகொண்டார்.

மறுநாள் காலை மரக்காணத்து ஐஸ் கொட்டகைக்குப் போனார். உத்தரத்தில் அந்த நூலை மாட்டி, ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்றைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டார். தாங்கியது. இரண்டாவது பாரையும் கட்டினார். மூன்றாவதில் அறுந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத குறைதான். நான்கு பார் தொங்கியது. உத்தரம் முனகியதே தவிர நூல் சும்மா இருந்தது. மீன் கூடைக்கு ஐஸ் வாங்க வந்த சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டு மலர்ந்துபோனாள். "பாத்தியா, நான் முறுக்கனதாக்கும். யானையக் கட்னாலும் அறாது," என்றாள். பச்சமுத்து சாக்கை இறக்கிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். 

அன்றைக்கே ஏரிக்குப் போய் அன்புச்செல்வனைத் தனியாகக் கூப்பிட்டு நூலைக் கையில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்புச்செல்வன் அதை இழுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எத்தினி நாளா இது?"

"பன்னெண்டு நாளு சார்."

"நான் டெய்லி உறையத் தள்ளிப் பாத்திருக்கணும்," என்றார் அன்புச்செல்வன்.  பச்சமுத்து திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. வந்தது வேறு. "ரிப்போர்ட்டு மேல அனுப்பிட்டேன் பச்சமுத்து. மாணவி ரிலீஸ் பண்ணலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுவும் பொய் இல்ல. இப்ப இத சொன்னா நம்ம இஸ்கூலயே மூடிடுவாங்க. எட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம நடத்திக்கினு வந்தது. உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாரு. டீச்சருக்குக் கால் கூடிடும். வுட்டுடு. புது பாக்கெட் சொல்லியிருக்கேன், நீ செஞ்சத எல்லாம் தூக்கிப் போட்டுடு."

"சரி சார்," என்றார் பச்சமுத்து. உண்மையைச் சொல்வதானால், அந்த நிமிஷம் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தாம் சொல்லியாயிற்று, வேண்டாம் என்றவர் அவர். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் மிச்சமிருந்த ஐந்து வளையங்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. நல்ல நூலைக் குப்பையில் போட வலைக்காரனுக்குக் கை வராது. வேறெதற்காவது ஆகும் என்று விஞ்ச் பெட்டியின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். புது பாக்கெட்டும் அதே பெட்டிக்கு வந்து சேர்ந்தது. பச்சமுத்துவுக்கு என்ன, விரலால் தொட்டாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் கலையரசி தன் குடையின் படத்தைப் போட்டிருந்தாள். விற்பனைக்கு. கீழே இரண்டு வரி. 'ஆபத்தில் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. இதற்கு நான் லாயக்கில்லை. யாருக்காவது பயன்படட்டும்.' அடியில் நாலைந்து பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். அன்புச்செல்வன் ஒன்றும் போடவில்லை.

பச்சமுத்து அதைச் சௌந்தரத்திடம் படித்துக் காட்டினார். நூல் விஷயத்தையும் அப்போதுதான் அவளிடம் முழுசாகச் சொன்னார். சௌந்தரம் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கிட்ட இன்னாத்துக்குன்னு சொல்லி வாங்கியிருந்தா நான் ஒத்தையா முறுக்கியிருப்பேனே," என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு பாவம். போய் சொல்லிட்டு வா," என்றாள்.

ஞாயிறு காலை பல்வலி என்று அன்புச்செல்வனுக்குச் சொல்லிவிட்டு, விஞ்ச்சுக்கு மச்சான் தீனதயாளனை அனுப்பினார். முன்னேயும் இரண்டொரு முறை ஓட்டியவன்தான். "பொட்டில நூலு கீது, மாட்டிக்கோ," என்று போனில் சொன்னார். சொல்லும்போது அவர் நினைப்பெல்லாம் கலையரசியிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே இருந்தது. திண்டிவனத்தில் ஒரு பஸ், விழுப்புரத்தில் ஒரு பஸ். வளவனூரில் இறங்கியபோது மணி எட்டே கால்.

கலையரசி கூடத்தில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் பட்டை, காலில் கட்டு. "வாங்கண்ணா, உக்காருங்க. குடைய வாங்க யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

பச்சமுத்து உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்துக் கட்டிலில் வைத்தார். வரும் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "இது நான் கட்டனது டீச்சர். அன்னிக்கு உங்க லைன்ல இருந்தது இதான். எரநூறு கிலோ தாங்குது. நூறுலயே அறுந்திருக்கணும். அறுந்திருந்தா நீங்க வுழுந்திருக்க மாட்டீங்க. மறுநாளே சாரு கிட்ட சொல்லிட்டேன், உங்க கிட்ட சொல்லல."

கலையரசி நூலை எடுத்து இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம்.

"மூணு வாரமா, கண்ண மூடுனா அதேதாண்ணா வருது. கை போவுது, போவுது, ரிலீஸுக்குப் போய்ச் சேரவே மாட்டேங்குது. இந்தக் கைய நம்பி எந்தப் பொண்ண நான் மேல அனுப்புவேன்னு குடைய விக்கப் போட்டேன். நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கினே பாத்துக்கினு இருந்தீங்களா?"

"ஆமா டீச்சர்."

"மனுஷி பதறுவா, மறப்பான்னுதானே அந்த நூல வெச்சிருக்காங்க! அத எடுத்துட்டு, ஏன் பதறுனேன்னு என்ன கேக்க வெச்சிட்டீங்களே!"

பச்சமுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் திறந்தார். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியைக் குரலில் கேட்டாள். "இந்த மாதிரி எத்தன செஞ்சீங்க?"

"ஆறு."

"ஒண்ணு இங்க கீது. மீதி அஞ்சு?"

பெட்டியில், என்று சொல்ல வந்த பச்சமுத்துவுக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில். புது நூலோடு ஒன்றாக. அதே நிறத்தில். தீனதயாளனும் வலைக்காரன்தான். பெட்டிக்குள் கைவிட்டால் கெட்டியாக இருப்பதைத்தான் நல்லது என்று எடுப்பான். சொல்ல ஆள் இல்லை. நோட்டிலும் எழுதவில்லை.

"அண்ணா, இன்னிக்கு யாரு இழுக்கறது?"

"மச்சான். அவனுக்குத் தெரியாது," என்றார் பச்சமுத்து. போனை எடுத்துத் தீனதயாளனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. விஞ்ச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? கலையரசி தன் போனில் அன்புச்செல்வனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க டீச்சர், லைன்ல ஆள் இருக்குது, அப்புறம் பேசட்டுமா?"

"நிறுத்துங்க சார்! ஜல்தியா கயித்தக் கழட்டச் சொல்லுங்க. கழட்டிட்டு, உறையத் தள்ளி நூலப் பாருங்க."

"டீச்சர்..."

"பாருங்க சார்."

வாக்கியில் அவர் நிறுத்தச் சொல்வது கேட்டது. விஞ்ச் அடங்கியது. கொக்கி கழன்று விழுகிற சத்தம் வந்தது. பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். பச்சமுத்து போனையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் கடல்கூட அவரை இப்படி நிற்கவைத்ததில்லை.

"நைலான்," என்றார் அன்புச்செல்வன்.  "இன்னிக்கும் நான் பாக்கல. டிக் போட்டுட்டேன்."

"சுத்தி யார் யார் இருக்காங்க?"

"எல்லாரும்தான். பதினாலு பேரு."

"போன ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் கலையரசி. தன் போனைப் பச்சமுத்துவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முதுகு வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டுதான் நீட்டினாள். "சொல்லுங்கண்ணா. எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க."

பச்சமுத்து சொன்னார். சொத்தை நூல் என்று பேர் வைத்தது, சிரித்தது பொறுக்காமல் நைலானில் கட்டியது, கழற்றிப் பையில் ஒளித்தது, ஐஸ் பார் தொங்கியது, ஐந்தைத் தூக்கிப் போடாமல் வைத்தது, எல்லாவற்றையும்.   டீச்சர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவர் முடித்தபோது, "என் மேலயும்தான் இருக்குது," என்று அன்புச்செல்வன் சொல்வது கேட்டது.

அப்புறம் ஒரு பெண்குரல் வந்தது. செண்பகம், அந்த வாரம்தான் சேர்ந்தவள். சற்றுமுன் கயிற்றின் நுனியில் நின்றுகொண்டிருந்தவள் அவள்தான்.

"அண்ணா, எனக்கு முன்னாடி இன்னிக்கு மூணு பேரு மேல போய்ட்டு வந்தாங்களே. அவுங்களும் இந்த நூல்லயேவா போனாங்க?"

பச்சமுத்து கலையரசியைப் பார்த்தார். அவள் போனை இறக்கவில்லை.

"ஆமாம்மா," என்றார். "காலைல மாட்டனா அறுவுற வரைக்கும் அதே நூல்தான். அதுலதான் போனாங்க."